ஒரு நூல்

வீரவநல்லூர் தாண்டி
மருதமர நிழலில் லாரியை ஓரங்கட்டும்போது
பகல் பதினொன்று.
களக்காட்டில் ஏற்றிய ஏத்தன் தார் நானூற்றுப் பத்து.
நாளை விடியுமுன் புனலூர்ச் சந்தையில் இறங்க வேண்டும்.
வண்டியோ சேரன்மாதேவி ரயில்வே கேட் மேட்டுக்கே
இரண்டாம் கியர் கேட்டது.
பின்னால் வெள்ளைப் புகை,
வேகாத டீசல் நாற்றம்.
முந்திப்போன பைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு
எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தான்.

இருவர் என்றால்
நானும் என் மனைவியின் அண்ணன் பலவேசமும்.
லாரியில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.
எந்தப் பாதி யாருக்கென்று
மாசியிலிருந்து பேச்சில்லை.
டோல். டீ. பிரேக்.
தேவைப்பட்டால் ஒற்றைச் சொல்,
அதுவும் முன் கண்ணாடியைப் பார்த்து.

பம்ப்பைப் போன வாரம்தான் கழற்றி
வண்ணார்பேட்டையில் கொடுத்து வாங்கினோம்.
எலிமென்ட் புதுசு, நாசில் புதுசு.
திரும்ப மாட்டியது மேலப்பாளையம் மைதீன்பிச்சை
என்று கணக்கு நோட்டில் இருக்கிறது.
கூலி எண்ணூறு.
என் கையெழுத்து.

பலவேசம் போனை எடுத்தார்.
கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.
மறுமுனையில் கடையநல்லூர்க் கல்யாண வீட்டு இரைச்சல்.
"பம்ப்பா? டைமிங்கா?
நான் மாட்டலையே வே.
யாரு மாட்டுனாவளோ அவியகிட்ட கேளும்."

ஒரு மினிபஸ் போயிற்று.
கன்னடியன் கால்வாயில் யாரோ துணி அடித்தார்கள்.
பலவேசம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.
முன்பக்கம் போய்க் குனிந்து
புல்லியில் கம்பியைக் கொடுத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

ஒன்றாம் சிலிண்டர் குழாயைக் கழற்றினேன்.
டெலிவரி வால்வை, அதன் ஸ்பிரிங்கை
வெளுத்த துணியில் வைத்தேன்.
கொக்குக்கழுத்துக் குழாயைத் திருகிக்
கைப்பம்ப்பை அழுத்த அழுத்த
டீசல் நூலாக ஒழுகியது.
"சுத்தும்" என்றேன்.
இரும்புக்கு அந்தப் பக்கம்
அவர் மூச்சு வாங்குவது கேட்டது.
நூல் அறுந்து துளியானது.
துளி,
துளி.
பிறகு ஒரு துளி குழாய் நுனியில் தொங்கியது,
விழவில்லை.
"நில்லும்."

வெளியே ஒழுக்கு நிற்கிற இடத்தில்தான்
உள்ளே அழுத்தம் தொடங்குகிறது.
மாசியிலிருந்து எனக்கு இது பழக்கம்.

"எத்தனை?"
"பன்னிரண்டு."
இருக்க வேண்டியது பதினெட்டு. இருவருக்கும் தெரியும்.
பழைய பெயின்ட் கோட்டைப் பார்த்து
டார்ச் வெளிச்சத்தில் குத்துமதிப்பாக
நான் முறுக்கியதில் போன ஆறு டிகிரி.
அந்த நேரத்தில் எண்ணூறை ஆறால் வகுக்கத் தோன்றியது.
நூற்று முப்பத்து மூன்று, மிச்சம் இரண்டு.

அவர் எஞ்சினைப் பின்னுக்கு நிறையவே வாங்கி,
பல்லிடை ஆட்டம் தீர மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து
பதினெட்டில் நிறுத்தினார்.
முகப்பு நட்டுகளைத் தளர்த்தி
பம்ப்பை எஞ்சின் பக்கம் சாய்த்தேன்.
இன்னும் ஒழுகியது.
எப்போது பக்கத்தில் வந்து நின்றாரோ,
"ஒரு நூல் தள்ளும்."
தள்ளினேன்.
"அரை நூல்."
தொங்கியது.

நான் அசையாமல் பிடித்துக்கொள்ள
அவர் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார்.
கடைசி நட்டில் ஸ்பானர் நிற்கையில் சொன்னார்:
"மைதீன்பிச்சை இதுக்கு
அறுநூறுதான் வாங்குவாரு வே."

வண்டி முதல் அடியிலேயே பிடித்தது.
வெள்ளைப் புகை கொஞ்சம் கக்கி,
இருமி,
பிறகு வானம் தெரிந்தது.
சத்தம்கூடக் கெட்டியாகிவிட்டது.
கடையத்தில் அவர் டீ சொன்னார், இரண்டு.
காசை அவரே கொடுத்தார்,
எழுதிக்கொள் என்று சொல்லவில்லை.

புளியரைச் செக்போஸ்ட் வரிசையில்
எங்களுக்கு முன்னால் பதினொரு லாரி.
மலையிலிருந்து சாரல்.
வைப்பர் அவர் பக்கம் மட்டும் வேலை செய்கிறது.
நோட்டை மடியில் விரித்து
எண்ணூறை அடித்தேன்.
அதன் மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
வரிசை நகர்ந்தது.
அவர் கியர் மாற்றினார், மூன்றாவதுக்கு.